நெகடிவின் பின்பக்கம்

1

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்னேயஸ் ட்ரைப் மதுரையில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் கேப்டன்; மதராஸ் அரசு அவரைத் தன்னுடைய அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம், பிறகு தஞ்சாவூர் பெரிய கோயில் என்று அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். ஒருமுறை தேட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. தஞ்சை விமானத்தின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். இன்றைக்கு நாம் ‘பனோரமா’ என்று விரலால் தேய்த்து எடுப்பதை அவர் வெயிலில் நின்று கைக்கணக்காகச் செய்தார்.

அவருடைய படங்கள் சிலவற்றில் கட்டடங்களுக்கு மேலே அழகான மேகங்கள் மிதக்கும். நிதானமாக, திரட்சியாக. அவை வானத்தில் இருந்த மேகங்கள் அல்ல. ட்ரைப் கையால் தீட்டியவை. அவருடைய நெகடிவ் கண்ணாடி அல்ல, மெழுகு ஏற்றிய தாள். தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூசினார். பூசிய இடத்தில் ஒளி புகாது. அச்சில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். மேகம் தயார். மரங்களின் இலைக்கொத்துகளைக்கூட இப்படித் தொட்டுச் சரிசெய்திருக்கிறார்.

அரசாங்க ஆவணமாக எடுத்த படத்தில் இல்லாத மேகத்தை வரைவதா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மதுரையில் அன்று மேகம் இருந்திருந்தாலும் அவருடைய கேமராவால் அதைப் பதிவு செய்திருக்க முடியாது. அக்கால ரசாயனங்கள் நீல ஒளிக்கும் புற ஊதா ஒளிக்கும்தான் மசியும். நீல வானம் சில நொடிகளிலேயே பதிந்து முடிந்துவிடும். சிவந்த கல்லும் பச்சை இலையும் பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்லுக்காகக் காத்திருந்தால் வானம் வெந்துபோகும். வானத்துக்காக மூடினால் கல் இருண்டுபோகும். இரண்டில் ஒன்றுதான். ட்ரைப் கல்லைத் தேர்ந்தெடுத்தார். வெளிறி, திட்டுத்திட்டாகக் கிடந்த வானத்துக்குத் தூரிகையை எடுத்தார்.

இன்று நம் ஃபோன் கேமராவில் ‘எச்டிஆர்’ என்று மூன்று எழுத்தாக வந்து நிற்கும் விஷயம் இதே பிரச்சினைதான். ஹை டைனமிக் ரேஞ்ச். மிக வெளிச்சமானதையும் மிக இருட்டானதையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவது. இதைப் பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பச் சாதனையின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு பொறுப்பின் கதையாகவும் தெரிகிறது. எது வெளிச்சம், எது இருட்டு என்று யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவின் தடயத்தை விட்டுவைத்தார்களா என்பதன் கதை.

2

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், இரண்டால் பெருக்கத் தெரிந்தால் போதும்.

உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி இரவில் ஒரு லக்ஸில் கால் பங்குகூட இருக்காது. இந்த இரண்டிலும் நம்மால் நடமாட முடிகிறது. அவ்வளவு ஏன், ஒரு கோயில் மண்டபத்தின் உள்ளே நின்று வெளி வாசலைப் பார்த்தாலே உள்ளிருக்கும் தூணின் நிழல் பக்கத்துக்கும் வெளியே வெயில் விழும் தரைக்கும் ஆயிரம் மடங்கு, பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும். நமக்கு உறைப்பதே இல்லை. தூணைப் பார்க்கும்போது தூண் தெரிகிறது, வாசலைப் பார்க்கும்போது வாசல் தெரிகிறது. கண்மணி சுருங்கி விரிவதால் என்று பள்ளியில் படித்தோம். அது கதையில் ஒரு சின்னப் பகுதிதான். கண்மணி முழுசாக விரிந்தாலும் சுமார் 16 மடங்கு ஒளியைத்தான் கூடுதலாக விடும். மீதி வேலையை விழித்திரையும் மூளையும் பார்த்துக்கொள்கின்றன. கண் ஒரே பார்வையில் படம் எடுப்பதில்லை. அங்குமிங்கும் துழாவி, ஒவ்வோர் இடத்துக்கும் தன்னைத் திருத்தி, துண்டு துண்டாகப் பார்த்ததை மூளை ஒரே காட்சியாகத் தைத்துக் கொடுக்கிறது.

கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு படத்துக்கு ஒரே எக்ஸ்போஷர். புகைப்படக்காரர்கள் ஒளியை ‘ஸ்டாப்’ கணக்கில் எண்ணுவார்கள். ஒரு ஸ்டாப் ஏறினால் ஒளி இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. இன்றைய நல்ல டிஜிட்டல் கேமராவின் சென்சார் 14 ஸ்டாப் அளவில் பிடிக்கும். ஆனால் காகிதத்தில் அச்சடித்த படத்தில் மிக வெள்ளைக்கும் மிகக் கறுப்புக்கும் இடையில் சுமார் 100 மடங்குதான், ஏழு ஸ்டாப்பைத் தாண்டாது. ஆக, பிடிப்பது ஒரு பிரச்சினை. பிடித்ததைக் காட்டுவது இன்னொரு பிரச்சினை. பெரிய அண்டாவில் பிடித்த தண்ணீரைச் சின்னச் செம்புக்குள் ஊற்ற வேண்டும். எதைக் கொட்டுவது என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். எச்டிஆர் பற்றிய எல்லாக் குழப்பமும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் தொடங்குகிறது.

3

ட்ரைப் மதுரையில் பயன்படுத்திய மெழுகுத்தாள் முறையை உருவாக்கியவர் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர். ஓவியப் பயிற்சி பெற்றவர். அதே வானப் பிரச்சினைக்கு லெ கிரே வேறொரு விடை கண்டுபிடித்தார்.

1857இல் பிரான்ஸின் தென்கரையில் செத் என்ற துறைமுக ஊரில் அவர் எடுத்த அலையின் படம் புகழ்பெற்றது. கீழே அலை உடைகிறது, மேலே கனத்த மேகங்கள். இரண்டும் தெளிவு. அக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது கண்கட்டு வித்தை மாதிரி இருந்திருக்கும். வித்தை எளிது: இரண்டு நெகடிவ். கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. அச்சிடும்போது வானப் பகுதியை மறைத்துவிட்டுக் கடலைப் பதித்தார். பிறகு கடலை மறைத்துவிட்டு வானத்தைப் பதித்தார். இரண்டும் தொடுவானக் கோட்டில் சந்திக்கின்றன. இரண்டு நெகடிவும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இந்த முறை பிறகு தொழிலாகவே ஆனது. ஸ்டுடியோக்காரர்கள் மேக நெகடிவ்களைச் சேர்த்துவைத்து வேண்டிய நிலக்காட்சியின் மேல் பதித்தார்கள். மேக நெகடிவ்கள் விலைக்கும் கிடைத்தன. இன்று ‘ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்’ என்று மென்பொருள்கள் விற்பது அந்தப் பழைய சரக்குதான்.

ட்ரைப், லெ கிரே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் இல்லாத ஒளியைக் கையால் எழுதினார். இன்னொருவர் இருந்த ஒளியை இரண்டு தவணையாக வாங்கிச் சேர்த்தார். இன்றைய கம்ப்யூட்டர் புகைப்படக்கலை முழுவதும் இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான் ஊசலாடுகிறது.

4

அடுத்த பாய்ச்சல் இங்கிலாந்தின் ஒரு ரசாயனத் தொழில் நகரத்திலிருந்து வந்தது. ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் ஒரு வேதியியலாளர், வெரோ டிரிஃபீல்ட் ஒரு பொறியாளர். இருவரும் சோடா தொழிற்சாலை உலகத்தவர்கள், புகைப்படம் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கிலும் அளவுகோலைக் கீழே வைக்க மனம் வராத ஆட்கள் உண்டே, அந்த வகை. ஒரு தட்டின் மேல் இவ்வளவு ஒளி விழுந்தால் இவ்வளவு கறுக்கும் என்று அளந்து 1890இல் வெளியிட்டார்கள். வரைபடமாகப் போட்டால் நீட்டி இழுத்த ‘எஸ்’ எழுத்து போல ஒரு வளைவு வரும். நடுவில் நேர்கோடு: ஒளி ஏற ஏற ஒழுங்காகக் கறுக்கும். கீழ்முனையில் சோம்பல்: கொஞ்ச ஒளி விழுந்தாலும் கண்டுகொள்ளாது. மேல்முனையில் திகட்டல்: எவ்வளவு ஊற்றினாலும் இனி ஏறாது. எந்தப் படச்சுருளுக்கும் இப்படி ஒரு குணவளைவு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நூறு வருஷம் கழித்து ஒரு கம்ப்யூட்டரில் மறுபடி வரும்.

அந்த வளைவைக் கையில் பிடித்துக்கொண்டு கலை செய்தவர் ஆன்செல் ஆடம்ஸ். 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலஸில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ‘ஸோன் சிஸ்டம்’ என்ற முறையை வகுத்தார். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகள். காட்சியில் இருக்கும் ஒவ்வொன்றும் அச்சில் எந்தப் படியில் உட்கார வேண்டும் என்று ஷட்டரை அழுத்துமுன்பே தீர்மானிப்பது. கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது போல.

1941 நவம்பர் 1 மாலை. நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூர். நிலா எழுந்துவிட்டது, கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். ஆடம்ஸுக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு அழுத்தினார். இரண்டாவது தட்டைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. இருப்பது ஒரே நெகடிவ்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய கதை. அந்த ஒரு நெகடிவிலிருந்து அவர் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் போட்டார். 1948இல் முன்னிலத்தை மட்டும் ரசாயனத்தால் வலுவாக்கினார். ஆரம்ப அச்சுகளில் வானம் சாம்பல், மெலிதான மேகங்கள் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. எது ‘உண்மை’யான வானம்? பியானோ கலைஞராகப் பயின்றவர் அவர். நெகடிவை இசைக்குறிப்பாகவும் அச்சைக் கச்சேரியாகவும் பார்த்தார். ஒரே ராகம், ஒவ்வொரு நாளும் வேறு ஆலாபனை. ஆனால் ஒரு விஷயம்: ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. இந்த வானத்தை இவ்வளவு இருட்டாக்கியது நான்தான் என்று சொல்ல ஆள் இருந்தார்.

5

1990களில் இந்தப் பிரச்சினை புகைப்படக்காரர்களின் கையிலிருந்து எங்கள் ஆட்களின் கைக்கு வந்தது. எங்கள் ஆட்கள் என்றால் கோடு எழுதுபவர்கள்.

முதலில் கிரெக் வார்ட். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கட்டப்படாத கட்டடத்துக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்கிடும் ‘ரேடியன்ஸ்’ என்ற மென்பொருளை எழுதினார். அவருக்கு வேண்டியது அழகான படமல்ல, சரியான எண். சாதாரணப் படக்கோப்பில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 255க்கு மேலே உலகமே கிடையாது. சூரியனும் 255தான், வெள்ளைச் சட்டையும் 255தான். வார்ட் நான்காவதாக ஒரு பைட் சேர்த்தார். மூன்று நிறங்களுக்கும் பொதுவான அடுக்கு எண் அது. ஒரே ஒரு பைட், அவ்வளவுதான். சூரியனும் சட்டையும் வேறு வேறாகிவிட்டன.

எண்ணை வைக்க இடம் கிடைத்துவிட்டது. கேமராவிலிருந்து அந்த எண்ணை எடுப்பது எப்படி? 1995இல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிகார்ட் இருவரும் எம்ஐடியிலிருந்து, வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களைச் சேர்த்து டைனமிக் ரேஞ்சை நீட்டும் வழியை எழுதினார்கள். 1997இல் பெர்க்லியில் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பாடப்புத்தகம் ஆனது. மாலிக் ஐஐடி கான்பூரில் படித்தவர்.

அவர்கள் ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை 16 முறை எடுத்தார்கள். முதல் படம் 30 நொடி, கடைசிப் படம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப் இடைவெளி. நீண்ட படத்தில் இருண்ட மூலைகள் தெரியும், வண்ணக் கண்ணாடி ஜன்னல் வெந்திருக்கும். குறுகிய படத்தில் ஜன்னல் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கும்மிருட்டு.

இந்த 16 படங்களையும் 16 சாட்சிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைப் பற்றி 16 பேர் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். முழுசாக வெளுத்துப்போன பிக்சல் அளவை முட்டிவிட்டது, அதற்கு மேல் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. முழுசாக இருண்ட பிக்சல் எதையும் பார்க்கவே இல்லை. இரண்டு பேச்சையும் நம்ப முடியாது. நடுத்தரமாகப் பதிந்த பிக்சல்தான் நம்பகமான சாட்சி. ஆகவே நடுவில் இருப்பவற்றுக்கு அதிக மதிப்பு, ஓரத்தில் இருப்பவற்றுக்குக் குறைந்த மதிப்பு கொடுத்துச் சராசரி எடு. ஷட்டர் நேரம் தெரியும், ஆகவே வகுத்துப் பார்த்தால் அந்த இடத்திலிருந்து உண்மையில் எவ்வளவு ஒளி வந்தது என்ற ஒப்பீட்டு அளவு கிடைத்துவிடும்.

இடையில் ஒரு சிக்கல். அவர்கள் பயன்படுத்தியது படச்சுருள் கேமரா. படச்சுருள் ஒளியை நேராகப் பதிவு செய்யாது, தன் குணவளைவின்படிதான் பதிவு செய்யும். ஹர்ட்டர், டிரிஃபீல்டின் அதே வளைவு. டெபெவெக், மாலிக் செய்த அழகான காரியம், அந்த வளைவைத் தனியாக அளக்காமல், அதே 16 படங்களிலிருந்தே கணக்குப் போட்டு மீட்டெடுத்தது. 1890இல் இரண்டு பொழுதுபோக்குக்காரர்கள் மாதக்கணக்கில் அளந்ததை ஒரு சமன்பாட்டுத் தொகுதி பின்வாசல் வழியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. முதன்முறை படித்தபோது எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

கவனியுங்கள், இதுவரை ‘படம்’ என்று ஒன்று வரவில்லை. வந்திருப்பது ஓர் அளவீடு. டெபெவெக்குக்கு வேண்டியதும் அதுதான்: உண்மை இடத்தின் ஒளியை அளந்து, கம்ப்யூட்டரில் செய்த பொருளின் மேல் அதே ஒளியைப் பாய்ச்சினால், அந்தப் பொருள் அங்கேயே இருப்பது போலத் தெரியும். சினிமா படப்பிடிப்பில் கிராபிக்ஸ் ஆட்கள் ஒரு கண்ணாடிப் பந்தை நட்டுவைத்துப் பல எக்ஸ்போஷரில் எடுப்பது இதற்காகத்தான்.

6

இதை நம் கேமராவில் செய்வது கடினமில்லை. ட்ரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். ரா கோப்பாக எடுங்கள். ஜேபெக் என்றால் கேமரா ஏற்கெனவே பாதி முடிவுகளை எடுத்துவிட்டிருக்கும். ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். அப்பெர்ச்சரை மாற்றவே கூடாது, மாற்றினால் ஃபோகஸ் ஆழம் படத்துக்குப் படம் மாறும். ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். மாறுவது ஷட்டர் நேரம் மட்டும். பெரும்பாலான கேமராக்களில் ‘பிராக்கெட்டிங்’ என்ற வசதி இருக்கும்: ஒரு படம் சரியாக, ஒன்று இரண்டு ஸ்டாப் குறைவாக, ஒன்று இரண்டு ஸ்டாப் அதிகமாக. வாசலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது என்றால் மூன்று போதாது, ஐந்தோ ஏழோ வேண்டும். எத்தனை என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லும். மிக இருண்ட படத்தில் வெளிச்சப் பகுதி வலது ஓரத்தை முட்டக் கூடாது. மிக வெளிச்சமான படத்தில் நிழல் இடது ஓரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டு முனையும் கிடைத்துவிட்டால் காட்சி முழுவதும் கையில் இருக்கிறது.

அசைவது எதுவும் எதிரி. இலை ஆடினால், ஆள் நடந்தால், சேர்க்கும்போது ஆவி மாதிரி இரட்டையாகத் தெரியும். ஏனென்றால் இந்தப் படம் ஒரு கணத்தின் படம் அல்ல. லெ கிரேயின் வானமும் கடலும் வேறு வேறு நேரத்தவை. டெபெவெக்கின் தேவாலயம் ஒரு நிமிஷத்துக்கும் மேலான காலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒளியின் எல்லையை நீட்டுவதற்குக் கொடுக்கும் விலை நேரம்.

காட்சியின் வித்தியாசம் 14 ஸ்டாப்புக்குள் அடங்கினால் இவ்வளவு பாடே வேண்டாம். ஒரே ரா கோப்பு போதும். வெளிச்சம் வேகாமல் எடுத்துவிட்டு, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

7

சேர்த்தாயிற்று. இப்போது கையில் இருப்பது அண்டா. செம்புக்குள் ஊற்ற வேண்டும். இதற்குப் பெயர் டோன் மேப்பிங். குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

2002இல் எரிக் ரைன்ஹார்டும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் நேராக ஆடம்ஸிடம் போனார்கள். ஸோன் சிஸ்டத்தையும், இருட்டறையில் கையால் மறைத்து ஒரு பகுதியை வெளுக்கவைப்பதையும் கறுக்கவைப்பதையும் அப்படியே அல்காரிதமாக எழுதினார்கள். ஆடம்ஸின் கை ஒரு ஃபங்ஷன் ஆனது. தவறில்லை, அந்தக் கணக்கு அடக்கமானது. 2005இல் ஃபோட்டோஷாப்பில் எச்டிஆர் சேர்க்கும் வசதி வந்தது. அதற்கு முன்பே ஃபோட்டோமேடிக்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஸ்லைடர்கள் இருந்தன. ஸ்லைடர் இருந்தால் மனிதன் என்ன செய்வான்? கடைசி வரை இழுப்பான்.

அந்த வருஷங்களில் ஃப்ளிக்கரில் உலவியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். துருப்பிடித்த கார், இடிந்த ஆலை, ஈயம் பூசிய மேகம். செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தும். கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம், சாமி படக் காலண்டர் போல. அந்த ஒளிவட்டம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வோர் இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதுதான் இந்த வகை டோன் மேப்பிங். வானத்தின் நடுவில் அக்கம்பக்கமும் வானம்தான், ஆகவே நன்றாகக் குறைத்துவிடும். கோபுரத்தின் விளிம்பில் அக்கம்பக்கத்தில் பாதி இருட்டு. இங்கே ஒன்றும் அவ்வளவு வெளிச்சம் இல்லையே என்று குறைக்காமல் விட்டுவிடும். விளைவு, விளிம்பை ஒட்டி ஒரு வெளிச்சப் பட்டை. எல்லாவற்றையும் தெரியவைத்த படத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. நிழல் போனதும் ஆழம் போய்விட்டது.

அந்தப் படங்களால் எச்டிஆர் என்றாலே மட்டமான ரசனை என்று பெயர் வந்தது. பாவம், அளவீட்டுக்காக உருவான முறை ஒரு ஃபில்டரின் பெயராகச் சீரழிந்தது. 2007இல் டாம் மெர்டென்ஸும் சகாக்களும் மாற்று வழி ஒன்றைச் சொன்னார்கள். அளவீடும் வேண்டாம், டோன் மேப்பிங்கும் வேண்டாம், ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிந்த பகுதியை எடுத்து நேராகக் கலந்துவிடு. எக்ஸ்போஷர் ஃப்யூஷன். யோசித்துப் பார்த்தால் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. 150 வருஷம் சுற்றி லெ கிரேயிடமே வந்து சேர்ந்தோம்.

8

2010 செப்டம்பரில் ஐஃபோனுக்கு எச்டிஆர் வந்தது. அப்போது அது ஒரு பொத்தான், வேண்டுமென்றால் போடலாம். 2013 இறுதியில் நெக்ஸஸ் 5 ஃபோனுக்குக் கூகுள் ‘எச்டிஆர் பிளஸ்’ கொண்டுவந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராக இருந்த மார்க் லெவாய் அந்தக் குழுவை நடத்தினார். அவர்கள் முறையையே தலைகீழாகப் போட்டார்கள். வேறு வேறு எக்ஸ்போஷர் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி, வேண்டுமென்றே இருட்டாக எடு. வானம் வேகாது. நிழலில் இரைச்சல் நிறைய இருக்கும்; ஆனால் ஒன்பது படங்களைச் சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறையும். பிறகு நிழலைத் தாராளமாகத் தூக்கலாம். குறுகிய எக்ஸ்போஷர் என்பதால் கை நடுங்கினாலும் பரவாயில்லை. கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமே இல்லை. பிறகு வந்த ஃபோன்களில், கேமராவைத் திறந்தவுடனே அது எடுத்துக்கொண்டே இருக்கும்; நீங்கள் அழுத்தும்போது ஏற்கெனவே எடுத்தவற்றைச் சேர்த்துக் கொடுக்கும். உங்கள் படம் உங்கள் விரலுக்கு முந்தியது.

பொத்தான் காணாமல் போனது. இன்று எடுக்கிற ஏறக்குறைய எல்லா ஃபோன் படமும் எச்டிஆர்தான். யாரும் அப்படிச் சொல்வதில்லை, படம் என்றே சொல்கிறோம். லெ கிரேயின் தந்திரம் இயல்புநிலை ஆகிவிட்டது. அதனால் கிடைத்த நன்மையை மறுக்க மாட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகமும் வெளியே நிற்கும் வேப்பமரமும் ஒரே படத்தில் கிடைக்க, முன்பு ஸ்டுடியோ அறிவு வேண்டும். இன்று யாருக்கும் கிடைக்கிறது.

ஆனால் முடிவு யாருடையது என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. இருண்டிருப்பதைத் தூக்கிக் காட்டு என்பது விதி. எது இருட்டு? ஒளி குறைவாக விழும் இடம் இருட்டு. ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் பொருளும் கேமராவுக்கு இருட்டுதான். இரண்டுக்கும் வித்தியாசம் பிக்சலில் இல்லை. கேமராவின் ஒளிமானி ரொம்ப காலமாகவே உலகத்தின் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது. பனியை எடுத்தால் சாம்பலாக்கும், கறுப்புப் பசுவை எடுத்தாலும் சாம்பலாக்கும். ஃப்ரேம் நிறையக் கறுத்த முகம் இருந்தால், அதை வெளிச்சக் குறைவு என்று எடுத்துக்கொண்டு தூக்கிவிடும். மாநிறமும் கறுப்புமாக இருக்கும் ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் ஒரே சாயலில் வெளுத்து நிற்பதற்கு அழகு ஃபில்டர் மட்டும் காரணமில்லை. நிறம், சரிசெய்ய வேண்டிய நிழலாக வாசிக்கப்படுகிறது. இது கற்பனைக் குறை அல்ல. 2021இல் கூகுள் ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கறுத்த தோல்நிறங்களுக்காகத் தன் கேமராவைத் திருத்தியது; அதுவரை இருந்த கணக்கு எல்லாருக்கும் பொருந்தவில்லை என்பதற்கு அதுவே ஒப்புதல்.

ஆடம்ஸ் வானத்தைக் கறுப்பாக்கினார், அவரிடம் கேட்கலாம். நம் ஃபோன் ஒரு முகத்தை வெளுப்பாக்கினால் யாரிடம் கேட்பது?

9

இதற்காக ஃபோனைத் தூக்கிப்போட்டு மெழுகுத்தாளுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒளியைச் சுருக்காமல் ஒரு படமும் கிடையாது. சுருக்குவது என்றால் தேர்ந்தெடுப்பது. கலப்படமில்லாத, யாரும் தொடாத படம் என்று ஒன்றை 1858லும் எடுக்க முடியவில்லை, இன்றும் முடியாது. பிரச்சினை தொட்டதில் இல்லை, தொட்ட தடம் அழிந்துபோவதில்தான்.

புது மண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தில் ட்ரைப் எடுத்த ஒரு படம் இருக்கிறது. தூண்களுக்கு இடையில் வெயில் பட்டை பட்டையாக விழுகிறது, உள்பக்கம் இருட்டு. அந்த இருட்டை அவரால் திறக்க முடியவில்லை, அப்படியே விட்டார். இன்றைய ஃபோன் அதைத் திறந்துவிடும், ஒவ்வொரு சிற்பத்தையும் துலக்கிக் காட்டும். அதிகத் தகவல்தான். ஆனால் ஒரு நாயக்கர் கால மண்டபத்துக்குள் நிற்கும்போது உடம்புக்குத் தெரிவது அந்த இருட்டின் குளிர்ச்சி. தகவல் வேண்டுமா, இருட்டு வேண்டுமா என்பது எடுப்பவர் முடிவு செய்ய வேண்டியது. அதற்காகவாவது பிராக்கெட் செய்து எடுத்த மூல ராக்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் ரா வசதி இருந்தால் முக்கியமான படங்களுக்கு அதைப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறையும், நிறையட்டும்.

நாம் அன்றாடம் எடுத்துத் தள்ளும் படங்கள்தான் நாளைக்கு இந்தக் காலத்தின் ஆவணம். நம் தெருவில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது, நம் வீட்டு அடுப்படி எவ்வளவு இருட்டு, நம் அம்மாவின் நிறம் என்ன என்று அவற்றை வைத்துத்தான் பின்னால் வருபவர்கள் தெரிந்துகொள்வார்கள். ட்ரைப்பின் மேகங்கள் பொய் என்று நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய நெகடிவ்கள் எஞ்சியிருக்கின்றன. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் அவர் பூசிய வண்ணம் இன்னும் இருக்கிறது. எங்கே வானம் முடிந்து எங்கே அவர் கை தொடங்கியது என்று பார்த்துவிடலாம். நாம் விட்டுப்போகிற படங்களுக்கும் திருப்பிப் பார்க்க ஒரு பின்பக்கம் வேண்டும்.